மிதவை டியூப்பில் தூண்டில் போடுகிறவர்களுக்கு: கோளாறும் கைப்பக்குவமும்

நான் வேலை செய்வது டயர் கடையில். லொறி, பஸ், தோட்டத்து டிராக்டர் என்று வாரத்தில் ஆறு நாளும் பஞ்சர்தான். ஏழாவது நாள், இலங்கை மலைநாட்டில் இருக்கிற எங்கள் டவுன் குளத்தில், லொறி டியூப்பின்மேல் உட்கார்ந்து தூண்டில் போடுவேன். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது தெரிந்துபோனதால், மிதவை வைத்திருக்கிறவர்கள் எல்லாம் காற்று இறங்கினால் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வருவதில் பெரும்பாலானவற்றில் ஓட்டையே இருக்காது. மலையும் குளிரும் செய்கிற வேலையை ஓட்டை என்று நினைத்து, நல்ல டியூப்பில் ஒட்டு மேல் ஒட்டாகப் போட்டுக் கெடுத்திருப்பார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே இரண்டு வகை மிதவை புழங்குகிறது. ஒன்று, 20 அங்குல ரிம்முக்கான லொறி டியூப். நடுவில் வலையோ பலகையோ கட்டி இருக்கை செய்திருப்போம். மற்றது கடையில் வாங்கும் மிதவை. குதிரை லாடம் போல முன்பக்கம் திறந்திருக்கும், வெளியே நைலோன் உறை, உள்ளே பீவீசி அல்லது டீபீயூ என்கிற பிளாஸ்டிக்கில் செய்த காற்றுப் பை. எந்த வகை என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும். உங்களுடைய கோளாறு எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போங்கள்.

## ராத்திரி கல்லாக இருந்தது, விடியும்போது தொய்ந்து கிடக்கிறது

### முதலில்: ஒன்றும் செய்யாதீர்கள், வெயிலில் போடுங்கள்

மத்தியானம் 25 பாகை வெயிலில் காற்றடித்த மிதவை, விடியற்காலை 10 பாகைக் குளிரில் தொய்யத்தான் செய்யும். மிதவைக்கு அடிப்பதே ஒன்று, ஒன்றரை பீ.எஸ்.ஐ. காற்றுதான். அந்தக் குளிர் அதில் பாதிக்குக் கிட்டச் சாப்பிட்டுவிடும். லொறி டயரில் 100 பீ.எஸ்.ஐ. இருக்கிறபடியால் இந்தக் குறைச்சல் கைக்குத் தெரிவதில்லை. மிதவையில் விரல் வைத்தாலே தெரிகிறது. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிகிற நாட்களில், பார்க்கிறவருக்குப் பஞ்சர் என்றே தோன்றும்.

அரை மணி நேரம் வெயிலில் போடுங்கள். பழையபடி விறைப்பானால் ஓட்டை இல்லை, வேலை முடிந்தது. வெயில் இல்லாத நாளில், இறங்குகிற நேரத்துக் குளிரிலேயே விட்ட காற்றை அடித்து, அதே குளிரில் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். அப்போதும் இறங்கினால்தான் அடுத்த படி.

இதே கதை தண்ணீரிலும் நடக்கும். கரையில் சூடாக இருந்த டியூப் குளத்தில் இறங்கிப் பத்து நிமிடத்தில் தொய்யும். வாயால் ஊதும் குழாய் உள்ள மிதவை என்றால் தண்ணீரில் இருந்தபடியே இரண்டு மூச்சு ஊதிவிடலாம். லொறி டியூப்காரர்கள் கரையோரமாகப் பத்து நிமிடம் மிதந்து பார்த்து, திரும்பி வந்து காற்றடித்துக்கொண்டு போங்கள்.

### அடுத்தது: வால்வு

ஒரு தம்பி போன வருடம் டியூப் கொண்டுவந்தார். "அண்ணே, ஏழு தடவை ஒட்டியாச்சு, இன்னும் இறங்குது" என்றார். பார்த்தால் டியூப்பில் ஏழு ஒட்டும் வரிசையாக, சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கின்றன. ஒன்றின் கீழும் ஓட்டை இருந்த அடையாளம் இல்லை. விரல் நுனியில் எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைத்தேன். மெதுவாக ஒரு குமிழி எழும்பியது, உடைந்தது, இன்னொன்று எழும்பியது. வால்வுக்குள் இருக்கிற 'பின்' (ஊசி) கால் சுற்று தளர்ந்திருந்தது. முடுக்கிவிட்டு மூடியையும் போட்டுக் கொடுத்தேன். ஏழு ஒட்டுக்கு வாங்கின காசை நினைத்து அவர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

ஆக, எச்சில் சோதனை முதலில். குமிழி வந்தால் பின்னை முடுக்குங்கள். அப்புறமும் வந்தால் பின்னை மாற்றுங்கள்; சாதாரண லொறி டியூப்புக்கு மோட்டார் சைக்கிளுக்குப் போடுகிற அதே பின் போதும். கடை மிதவையில் இரண்டு அடுக்கு மூடி உள்ள வால்வு இருக்கும். அதன் உள்ளே இருக்கிற றப்பர் நாக்கின் அடியில் ஒரு புல்நுனியோ மணலோ சிக்கினால் போதும், ராத்திரி முழுக்கக் கசியும். கழற்றி, சுத்தத் தண்ணீரில் கழுவி, துடைத்துப் போடுங்கள்.

வால்வின் அடிப்பாகம் டியூப்போடு சேருகிற இடத்தில் குமிழி வந்தால் அது வேறு விஷயம். வீட்டில் தொடாதீர்கள். லொறி டியூப் என்றால் டயர் கடையில் சூடு வைத்து ஒட்டுவார்கள். கடை மிதவை என்றால் பையை மாற்றுவதுதான் நல்லது.

### கடைசியாக: நிஜமான ஓட்டை

வாளியில் சவர்க்காரத் தண்ணீர் கலந்து, துணியால் டியூப் முழுக்கப் பூசுங்கள். கடை மிதவையில் உறையைக் கழற்றி, உள்பையை வெளியே எடுத்துத்தான் பார்க்க வேண்டும். உறையின் மேல் பூசினால் குமிழி எங்கிருந்தோ வந்து எங்கோ காட்டும். மடிப்பு விழுகிற இடங்களையும் இருக்கைக் கயிறு உரசுகிற இடங்களையும் முதலில் பாருங்கள்.

ஓட்டை கிடைத்ததும் எதை வைத்து ஒட்டுவது என்பதில்தான் ஆட்கள் தவறுகிறார்கள். லொறி டியூப்புக்கு சைக்கிள் கடையில் விற்கிற சொலூஷனும் ஒட்டுத்துண்டும் சரி. அதே சொலூஷன் பீவீசியில் பிடிக்காது. ஒட்டின மாதிரி தெரியும், ஒரு வாரத்தில் ஓரம் எழும்பும். ஹாட்வெயாரில் பைப்புக்கு விற்கிற பசையைப் பீவீசிப் பைக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பெயரில் பீவீசி இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது காய்ந்தால் கட்டையாகிவிடும், மடித்தவுடன் வெடிக்கும். காற்று மெத்தைக்கும் றப்பர் படகுக்கும் விற்கிற, காய்ந்த பிறகும் வளைகிற வினைல் பசை வேண்டும். டீபீயூ பைக்கு யூரித்தேன் பசை. டீபீயூ மெல்லியதாக, இழுத்தால் றப்பர் போல நீண்டு திரும்பும். பீவீசி மழைக்கோட்டு மாதிரி மணக்கும். சந்தேகம் இருந்தால் பையின் ஓரத்துச் சீட்டைப் பாருங்கள்.

மலைநாட்டில் ஒட்டும்போது ஒரு தொல்லை உண்டு. மழையோ மூடுபனியோ இருக்கும் நேரத்தில் சொலூஷன் பூசினால், அது காயும்போதே மேலே ஈரம் படிந்து வெண்மையாகப் பூத்துவிடும். அதன்மேல் ஒட்டு நிற்காது. டியூப்பையும் ஒட்டுத்துண்டையும் அடுப்படிச் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து உலர்த்துங்கள். பூசுகிற வேலையை மட்டும் நெருப்பு இல்லாத அறையில் செய்யுங்கள், சொலூஷன் பற்றிக்கொள்ளும். உப்புத்தாளால் தேய்த்து, பூசி, விரலில் ஒட்டாத அளவுக்கு மங்கின பிறகு அழுத்துங்கள். பொறுமையில்லாமல் ஈரமாக இருக்கும்போதே ஒட்டியவைதான் எனக்குத் திரும்பி வருகின்றன.

ஒரு அங்குலத்துக்கு மேல் கிழிசல், பொருத்து விட்டுப்போனது, மடிப்பெல்லாம் மயிரிழை வெடிப்பு: இந்த மூன்றில் எது இருந்தாலும் ஒட்டாதீர்கள். நிலத்தில் ஓடுகிற வண்டிக்கு அந்த ஒட்டுப் போதும். நீங்கள் பன்னிரண்டு அடித் தண்ணீருக்கு மேல் உட்காரப் போகிறீர்கள்.

## மேலே வந்து சேர்ந்ததும் உப்பிப்போய் வெடிக்கப் பார்க்கிறது

இது கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வருகிறவர்களின் கோளாறு. கீழே காற்றடித்து வேன் கூரையில் கட்டிக்கொண்டு வருவார்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து அங்கே வருவதற்குள் வெளியே இருக்கிற காற்றழுத்தம் சுமார் 3 பீ.எஸ்.ஐ. குறைந்துவிடும். ஒன்றரை பீ.எஸ்.ஐ.க்குத் தைத்த பொருத்து அதை எப்படித் தாங்கும்? ரம்பொடை ஏற்றத்தில் கூரையில் 'டப்' என்று சத்தம் கேட்டு வேனை நிறுத்தி, டயரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

சுருட்டிக் கொண்டுவந்து மேலே காற்றடியுங்கள். அடித்துத்தான் வர வேண்டும் என்றால், அமுக்கினால் கை புதைகிற அளவுக்குத் தொய்வாக விட்டு வாருங்கள்.

உப்பியே வந்துவிட்டதா? உடனே வால்வைத் திறந்து காற்றை விட்டு, பொருத்துகளைச் சவர்க்காரத் தண்ணீரில் பாருங்கள். குமிழி வராவிட்டாலும், பொருத்து ஓரத்தில் துணி இழுபட்டு வெளுத்திருந்தால் அன்றைக்கு இறங்காதீர்கள்.

மேலேயிருந்து கீழே போனால் நேர்மாறு, தொய்யும். அதற்கும் ஒட்டுத் தேவையில்லை.

பெற்றோல் ஷெட் கம்பிரஷரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதன் மீட்டருக்கு ஒன்றரை பீ.எஸ்.ஐ. கண்ணுக்கே தெரியாது. முள் அசைவதற்குள் உங்கள் மிதவையின் பொருத்து போய்விடும். கையால் அல்லது காலால் அடிக்கிற பம்ப் வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் பலமாக அழுத்தும்போது அரை அங்குலம் உள்ளே போனால் சரியான காற்று.

## தண்ணீரில் ஒரு பக்கம் சாய்கிறது

முதலில் மிதவையின் பக்கப் பைகளைப் பாருங்கள். தூண்டில் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், பிடித்த மீன் எல்லாம் வலப்பக்கப் பையில், இடப்பக்கம் காலி: முக்கால்வாசிச் சாய்வு இதுதான். மாற்றி வைத்தால் சரியாகும்.

சரியாகவில்லை என்றால் இருக்கை. கயிறு ஒரு பக்கம் நீண்டிருக்கும். நனைந்த நைலோன் கயிறு பாரத்தில் நீளும், ஒரே அளவாக நீளாது. கரையில் மிதவையைத் தரையில் வைத்து உட்கார்ந்து, இரண்டு பக்கமும் இடுப்பு உயரம் ஒன்றா என்று வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டும் சரியாக இருந்து, கடை மிதவை மட்டும் சாய்ந்தால், இரண்டு தனித்தனிப் பை உள்ள வகையா என்று பாருங்கள். ஒரு பக்கப் பை மட்டும் மெதுவாகக் கசிகிறது என்று அர்த்தம். உடனே கரைக்கு வாருங்கள். மற்றப் பை தாங்கும் என்றுதான் இரண்டு வைத்திருக்கிறார்கள்; அதை நம்பி இன்னும் ஒரு மணி நேரம் மீன் பிடிப்பதற்கு இல்லை.

லொறி டியூப்பில் ஒரே அறைதான். போனால் எல்லாம் போகும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் லொறி டியூப்பில் இறங்குகிற ஆளுக்கு நான் ஒட்டுப் போட்டுத் தருவதில்லை. இதனால் இரண்டு வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டு போனார்கள், போகட்டும்.

## காலை உதைக்கிறேன், வட்டமடிக்கிறது. அல்லது நகரவே இல்லை

### வட்டமடித்தால்

ஒரு தவளைக்கால் (காலில் மாட்டுகிற றப்பர்த் துடுப்பு) தளர்ந்திருக்கும். தண்ணீரில் தெரியாது, கரைக்கு வந்து குலுக்கிப் பாருங்கள். மொத்தமான காலுறை போட்ட நாளில் இறுக்கிய வாரை, மெல்லிய காலுறை போட்ட நாளில் மறந்துவிடுவோம். கழன்று விழுந்தால் சேற்றில் தேடிக் கிடைக்காது, கணுக்காலோடு ஒரு கயிற்றைக் கட்டிவிடுங்கள்.

தவளைக்கால் சரி என்றால், அடியில் கொடி சுற்றியிருக்கும். அதுவும் இல்லை என்றால் உங்களுடைய வலது கால்தான் பலம். இரண்டு நாளில் பழகிவிடும்.

### நகரவே இல்லை என்றால்

முன்னோக்கிப் போகப் பார்க்கிறீர்களா? மிதவை முதுகுப் பக்கமாகத்தான் போகும். பின்னால் சாய்ந்து, முழங்காலை அதிகம் மடிக்காமல், தொடையிலிருந்து மெதுவாக உதையுங்கள். சைக்கிள் மிதிக்கிற மாதிரி மிதித்தால் தண்ணீர் கலங்கும், நீங்கள் அங்கேயே இருப்பீர்கள்.

அப்புறம் காற்று. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும்போது எங்கள் குளத்தில் லொறி டியூப் ஒரு பாய்மரம் மாதிரி. சோதனை இப்படி: உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கிற கரையில் ஒரு சைப்ரஸ் மரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு கூரையையும் நேர்கோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் உதைத்தும் மரம் கூரையை விட்டு நகரவில்லை என்றால், காற்று உங்களை ஜெயித்துவிட்டது. மல்லுக்கட்டாதீர்கள். காற்று தள்ளுகிற கரைக்கே போய் ஏறி, மிதவையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வாருங்கள். ஊரார் பார்ப்பார்கள், பரவாயில்லை. நான் நடந்திருக்கிறேன், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில்.

இறங்கும்போதே காற்றுக்கு எதிர்ப்பக்கமாகப் போங்கள். கால் களைத்த பிறகு காற்றே கொண்டுவந்து சேர்க்கும்.

நங்கூரம் கட்டுவதானால் இழுத்தவுடன் அவிழ்கிற முடிச்சு போடுங்கள். கல்லைக் கட்டி இறுக்கி முடிச்சுப் போட்ட மிதவையை அலை கீழே இழுக்கும். ஏப்ரல் சீசனில் நுவரெலியா கிரகரி வாவி போன்ற இடங்களில் மோட்டார் படகுகள் ஓடும். அந்த அலையில் நங்கூரம் போட்டு உட்காருவது சரியல்ல. அந்த மாதம் நான் அந்தப் பக்கமே போவதில்லை. எந்த வாவியானாலும் அதை நிர்வகிக்கிற சபையில் கேட்டுவிட்டு இறங்குங்கள். போயா (பௌர்ணமி விடுமுறை) அன்று வீட்டில் இருங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் காற்று இல்லாமலே இழுக்கும்: மின்சார நீர்த்தேக்கம். தலவாக்கலை டவுனை ஒட்டி இருக்கிற மேல் கொத்மலைத் தண்ணீர் பார்க்கச் சின்னக் குளம் மாதிரி அமைதியாகத்தான் இருக்கும். மேலே மழை பெய்தால் வான்கதவு திறப்பார்கள். காசல்ரீ, மவுஸ்ஸாகலையும் மின்சார நீர்த்தேக்கங்கள்தான். அணைப் பக்கம் மிதவையில் போவதற்கு ஒரு வழிமுறையும் கிடையாது, போகக்கூடாது.

## கால் நனைகிறது, விறைக்கிறது

மார்பு வரை ஏறும் றப்பர் களிசான் போட்டும் நனைந்தால், முதலில் வியர்வையா கசிவா என்று பிரித்துப் பாருங்கள். உள்ளே எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஈரமாக இருந்தால் வியர்வை. கரை வரை வேகமாக நடந்து வந்திருப்பீர்கள். உள்ளே பருத்தியை விட்டுக் கம்பளி போடுங்கள். ஒரு முழங்காலோ ஒரு குதிகாலோ மட்டும் நனைந்திருந்தால் ஓட்டை.

ஓட்டையைக் கண்டுபிடிக்க: ராத்திரி விளக்கை அணைத்து, களிசானுக்குள் டோர்ச்சை விட்டு வெளியிலிருந்து பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரியும் இடத்தில் பேனையால் வட்டம் போடுங்கள். றப்பர் களிசானுக்கு சைக்கிள் சொலூஷன் போதும். நியோபிரீன் என்றால் அதற்குரிய பசை. அடிப்பாதத்தில் பொருத்து விட்டிருந்தால் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்துவிடுங்கள், நம்மைவிட நன்றாகச் செய்வார்.

இடுப்பில் வார் கட்டாமல் களிசானோடு இறங்காதீர்கள். கவிழ்ந்தால் தண்ணீர் உள்ளே நிறைந்துவிடும். அது உங்களைக் கீழே இழுக்காது, ஆனால் கரையேறும்போது ஒவ்வொரு காலும் ஒரு மூட்டை அரிசி.

விறைப்புக்கு ஒரு எல்லை உண்டு. நடுங்குவது சரி, வெளியே வந்து உடுப்பு மாற்றித் தேத்தண்ணீர் குடித்தால் போகும். விரலால் முடிச்சுப் போட முடியவில்லை, பேச்சுக் குழறுகிறது, அல்லது நடுங்கிக்கொண்டிருந்தவர் வெதுவெதுப்பாகாமலேயே நடுக்கத்தை நிறுத்திவிட்டார் என்றால், நனைந்ததைக் கழற்றிக் கம்பளியில் சுற்றி 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சாராயம் கொடுக்காதீர்கள். எங்கள் ஊரில் அதுதான் முதல் வைத்தியம், அதுதான் முதல் தவறும்.

## மிதவை எல்லாம் சரி, மீன்தான் கடிக்கவில்லை

இது என் கடைக்கு வருகிற கோளாறு அல்ல. என்றாலும் எல்லாரும் கேட்கிறார்கள்.

கைத்தொலைபேசியில் பார்க்கிற மிதவை வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்காவின் பாஸ் மீனுக்கானவை. அந்தப் பெரியவாய் பாஸ் களைக்குள்ளும் விழுந்த மரத்தடியிலும் பதுங்கியிருந்து பாய்ந்து கடிக்கிற மீன். படகு போகாத சின்ன நகரத்துக் குளத்தில், சத்தமில்லாமல் களை ஓரமாக மிதந்து போய் றப்பர் புழுவைப் போட்டால் அது ஏமாறும். அதற்காகவே அங்கே இந்த மிதவையை இவ்வளவு விரும்புகிறார்கள். எங்கள் குளத்தில் இருப்பது திலாப்பியாவும் கார்ப்பும். வீடியோவில் பார்த்த றப்பர் புழுவை மூவாயிரம் ரூபாய்க்கு வாங்கிவந்து நாள் முழுக்க வீசினால், கை வலிதான் கிடைக்கும்.

தக்கை துள்ளுகிறது, இழுத்தால் ஒன்றும் இல்லை என்றால், சின்னத் திலாப்பியா இரையைக் கொறிக்கிறது. ஊசியைச் சிறிதாக்குங்கள், மண்புழுவைப் பாதியாக நறுக்குங்கள். அல்லது பாணின் நடுப்பகுதியை உருட்டிப் போடுங்கள்.

தக்கை அசையவே இல்லை, ஆனால் சேற்றிலிருந்து பொடிக் குமிழிகள் வரிசையாக எழும்புகின்றன என்றால், கார்ப் அடியில் கிளறுகிறது. இரை நடுத்தண்ணீரில் தொங்குகிறது. தரையைத் தொடும் வரை தங்கூசியை (தூண்டில் நைலோன் நூலை) நீட்டுங்கள்.

இரண்டும் இல்லை என்றால் நீங்களே காரணம். மிதவையில் உதைத்துக்கொண்டே இருந்தால் உங்கள் காலடியில் இருக்கிற மீன் எல்லாம் போய்விடும். போய் நின்று, கால் மணி நேரம் அசையாமல் இருந்த பிறகு போடுங்கள்.

தங்கூசி தவளைக்காலில் சுற்றினால் உதைப்பதை நிறுத்துங்கள், இழுக்காதீர்கள். கம்பை மடியில் வைத்துவிட்டு, காலை மேலே தூக்கிக் கையால் எடுங்கள். தூண்டில் ஊசி மிதவையிலேயே ஏறிவிட்டால், கரைக்கு வரும்வரை அதைப் பிடுங்காதீர்கள். குத்தி நிற்கிற ஊசி ஓட்டையை அடைத்துக்கொண்டு இருக்கும். தங்கூசியை மட்டும் வெட்டிவிட்டு, கரையைப் பார்த்து உதையுங்கள்.

## கரைக்கு வந்துவிட்டேன், ஏற முடியவில்லை

கிரகரி வாவி இருக்கிற இடம் 1873ஆம் ஆண்டுக்கு முன் சதுப்பு நிலம். அதன்பிறகு டவுனிலிருந்தும் காய்கறித் தோட்டங்களிலிருந்தும் வந்த மண் அடியில் படிந்திருக்கிறது. மலைநாட்டு டவுன் குளங்கள் பலவும் இந்தக் கதைதான். முழங்கால் ஆழம் என்று நினைத்துக் கால் ஊன்றினால், சேறு தொடை வரை வாங்கிக்கொள்ளும்.

எழும்பி நிற்காதீர்கள், தவளைக்காலோடு எழும்பி நின்றால் அடுத்த அடியில் விழுவீர்கள். உட்கார்ந்தபடியே, முதுகு கரையில் இடிக்கும் வரை பின்னோக்கி உதையுங்கள். கால் சேற்றில் புதைந்தால் நேராக மேலே இழுக்காமல், குதிகாலை இப்படியும் அப்படியும் ஆட்டி நீர் உள்ளே போக விடுங்கள், பிடி விடும். அப்படியும் வரவில்லை என்றால் தவளைக்காலை விட்டுவிட்டுக் காலை மட்டும் எடுங்கள். தனியாக இருந்து, இரண்டு காலும் புதைந்து, இருட்டவும் தொடங்கினால் வெட்கப்படாமல் கூப்பாடு போடுங்கள், அல்லது 119க்கு அழையுங்கள். மிதவையை விட்டு மட்டும் இறங்காதீர்கள்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி வரும். முதல் முழக்கம் கேட்டவுடன் கம்பைத் தாழ்த்தி, கரைக்கு வாருங்கள். குளத்தின் நடுவில் கார்பன் கம்பைத் தூக்கிப் பிடித்திருக்கிற ஆள்தான் அந்த இடத்தில் உயரமானவர்.

## இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல்

டவுன் குளத்தில் கான் தண்ணீர் கலக்கிறது, எலி மூத்திரமும் கலக்கிறது. காலில் புண்ணோ அட்டை கடித்த காயமோ இருந்தால் இறங்காதீர்கள். இறங்கிய பிறகு காய்ச்சலும், கெண்டைக்காலில் கடுமையான வலியும், கண் சிவப்பும் வந்தால் பெனடோல் போட்டுப் படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டொக்டரிடம் "குளத்துத் தண்ணீரில் இறங்கினேன்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். சொன்னால்தான் எலிக்காய்ச்சலை நினைப்பார்கள். குளித்து இரண்டு வாரம் ஆகிவிட்டதே என்று விடாதீர்கள். சில நாளிலும் வரும், ஒரு மாதம் கழித்தும் வரும்.

## பரணில் வைத்த டியூப்பில் புதிதாக ஓட்டை

பல்லின் அடையாளம் இரண்டு இரண்டாக இருந்தால் எலி. மீன் வாடைக்கு வருகிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, நிழலில் முழுக்கக் காயவிட்டு, பாதிக் காற்றோடு வையுங்கள். இறுக்கி மடித்து வைத்தால் மடிப்பு வெடிக்கும். நான் லயத்துக் கூரை வளையில் (குறுக்கு மரத்தில்) இரும்புக் கம்பியால் தொங்கவிட்டேன். எலி கம்பியில் இறங்கி வந்து கடித்தது. கம்பியின் நடுவில் ஒரு பால்மா டின்னின் அடித்தகட்டைக் குடை மாதிரி கோர்த்த பிறகு வரவில்லை.